பச்சை அடிச்சா டெல்டா ஆயிடுமா?

நம்ம காலேஜ்ல யாராவது ஷார்ட் ஃபிலிம் எடுத்து, கதை கிராமத்துல நடக்குதுன்னா, போஸ்டர் எப்படி இருக்கும்னு பார்க்காமலே சொல்லிடலாம். பின்னாடி பச்சை வயல். கீழ செம்மண் மாதிரி ஒரு டெக்ஸ்ச்சர். நடுவுல பிரஷ்ல இழுத்த மாதிரி ஒரு ஃபான்ட். பேர் முதல்ல இங்கிலீஷ் எழுத்துல பெருசா, அப்புறம் தமிழ்ல ஓரமா, சின்னதா. கதை பாகப்பிரிவினையா இருக்கலாம், காதலா இருக்கலாம், சாதிக் கொடுமையா இருக்கலாம். போஸ்டர் மட்டும் ஒண்ணுதான்.

ஆக்‌ஷன் படத்துக்கு ஃபான்ட் சொதப்பினாலும் அருவாளும் ரத்தமும் காப்பாத்திடும். டிராமாவுக்கு அந்த வசதி இல்லை. ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுறதுதான் படமே. இது என்ன மாதிரி கதைன்னு சொல்ற வேலை பெரும்பாலும் எழுத்து மேலயும் கலர் மேலயும்தான் விழுது. அந்த ரெண்டையும் ‘வில்லேஜ் படம்’ங்கிற லேபிள்ல இருந்து எடுக்கக் கூடாது. கதை நடக்குற மாசத்துல இருந்தும், கதையில வர்ற ஆட்கள்கிட்ட இருந்தும் எடுக்கணும். இதுதான் என் கட்சி.

நம்ம பக்கத்துப் படத்தையே வெச்சுப் பார்ப்போம். பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பர்ல வந்த ‘மெய்யழகன்’. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, பல வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வர்றார். அங்க ஒருத்தர் “அத்தான், அத்தான்”னு அன்பா ஒட்டிக்கிறார். அவர் பேர் என்னன்னு அருள்மொழிக்கு ஞாபகமே இல்லை, கேட்கவும் கூச்சம். ராத்திரி முழுக்க பேசுறாங்க. அந்தப் பேர் தெரிய வர்ற இடம்தான் படத்தோட உச்சம். அந்தப் பேர்தான் தலைப்பும்.

இதுக்கு போஸ்டர் செய்யற வேலை நமக்கு வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்?

முதல்ல எழுத்து. உடைஞ்ச பிரஷ் ஃபான்ட் போட்டா அது சண்டைப் படம். கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கிடைக்கிற ‘பலூ தம்பி’ கொழுகொழுன்னு இருக்கும், காமெடி ஆயிடும். ‘கவிவனார்’ கையால சாய்ச்சு எழுதின மாதிரி இருக்கும், கொஞ்சம் கிட்ட வருது. ஆனா அருள்மொழி குடும்பம் ஊரை விட்டுப் போறது 1996-ல. ஃப்ளெக்ஸ் பேனர் எல்லா இடத்தையும் பிடிக்கிறதுக்கு முந்தின காலம். கடை போர்டுல இருந்து சுவர் விளம்பரம் வரைக்கும் பெயின்டர் கையால எழுதின எழுத்துதான். நானா இருந்தா எந்த ஃபான்ட்டையும் டவுன்லோட் பண்ண மாட்டேன். போர்டு எழுதுற பெயின்டர் ஒருத்தரைப் பிடிச்சு அந்த ஆறு எழுத்தையும் எழுதி வாங்கி ஸ்கேன் பண்ணுவேன்.

தமிழ்ல முதல்ல வரைங்கன்னு சொல்றதுக்கு டெக்னிக்கல் காரணமும் இருக்கு. ‘மெய்யழகன்’ல ஒரு கொம்பு இருக்கு, ரெண்டு புள்ளி மேல உட்காருது, ‘ழ’ கீழ இறங்குது. மேலயும் கீழயும் இடம் வேணும். இங்கிலீஷ்ல அதே பேருக்கு பதினோரு எழுத்து, எல்லாத்தையும் கேப்பிட்டல்ல போட்டா ஒரே உயரத்துல செங்கல் மாதிரி நிக்கும். தமிழ்ல கேப்பிட்டலே கிடையாது. இங்கிலீஷ்ல டிசைன் முடிச்சுட்டு அந்தக் கட்டத்துக்குள்ள தமிழைத் திணிச்சா புள்ளி நசுங்கும், ‘ழ’வோட வால் வெட்டுப்படும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கே அது கண்ணை உறுத்துது.

காலமும் எழுத்துல தெரியும். 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிட்டதுக்கு முன்னாடி லை, ளை, னை, ணை எல்லாம் தும்பிக்கை மாதிரி மேல வளைவு போட்டுத்தான் அச்சாகும். 1965-ல நடக்குற கதைக்கு இன்னிக்கு லை போட்டா, ஹீரோ கையில செல்போன் கொடுத்த மாதிரிதான்.

அடுத்து கலர். டெல்டான்னா பச்சைன்னு யார் சொன்னது? நாத்தங்கால்ல இளம்பச்சை. நடவு நேரத்துல வயல் பச்சையே இல்லை, சேத்துத் தண்ணியில வானம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில எல்லாமே சாம்பல். தை அறுவடையில பொன்னிறம். அப்புறம் வைக்கோல் நிறத் தாளுக்கு நடுவுல உளுந்துச் செடி. சித்திரையில வெடிச்ச வண்டல் மண். ஆமா, வண்டல். வல்லம் பக்கம் செம்மண் இருக்கு, ஆனா நீடாமங்கலம் வயல்ல செம்மண் டெக்ஸ்ச்சர் ஏன் வருது?

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2024-ல ஜூலை 28-லதான் திறந்தாங்க. அந்த ஜூன்ல பம்ப்செட் இல்லாத வயல் என்ன கலர்ல இருந்திருக்கும்னு யோசிங்க. 2018 நவம்பர் கஜா புயலுக்கு அப்புறம் பேராவூரணி, பட்டுக்கோட்டை தென்னந்தோப்பு என்ன கலர்? டெல்டாவை எப்பவும் பச்சையாவே காட்டினா, தண்ணி வராத வருஷமும் தோப்பு சாஞ்ச வருஷமும் வெளியூர்க்காரங்க கண்ணுல படவே படாது. எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

‘மெய்யழகன்’ பெரும்பாலும் ராத்திரிக் கதை. அதோட கலர் மண்டபத்து சீரியல் பல்பும், வீட்டு ட்யூப்லைட்டும், வெளிய இருக்கிற இருட்டும்தான். வயலே தேவையில்லை.

“பச்சை போட்டாத்தான்டா பார்க்குறவனுக்கு உடனே புரியும்”னு நண்பர்கள் சொல்வாங்க. கிராமத்துப் படம்னு புரியும், சரி. எந்தப் படம்னு புரியாதே! அதுக்காக வித்தியாசமா பண்றேன்னு கறுப்பு வெள்ளையில நடுவுல ஒரு சோகமான முகத்தைப் போட்டீங்கன்னா, நம்ம ஊர் சுவத்துல அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கறுப்பு சிவப்பைச் சேர்த்தா கட்சி. பச்சைத் துண்டு போட்டா விவசாய சங்கம். இங்க ஒவ்வொரு கலருக்கும் ஏற்கனவே ஒரு சொந்தக்காரர் இருக்கார். அதையும் தெரிஞ்சுதான் கை வைக்கணும்.

இந்த வருஷம் ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போற ஜூனியர்ஸ், கேன்வாவைத் திறக்குறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்கு பேப்பர்ல பதில் எழுதுங்க. கதை எந்த மாசம் நடக்குது? தலைப்பை அந்தக் கதையில யார் எழுதியிருப்பா, எதுல எழுதியிருப்பா? அந்த வீட்டுல ராத்திரி என்ன விளக்கு எரியும்? பதில் வந்தா பாதி போஸ்டர் முடிஞ்சது. முடிச்சதும் வாட்ஸ்அப் டிபி அளவுக்குச் சுருக்கிப் பாருங்க, தமிழ்த் தலைப்பு படிக்க வருதான்னு. ஒரு பிரிண்ட்டும் எடுங்க. ஸ்கிரீன்ல மின்னுற பச்சை, பேப்பர்ல பெரும்பாலும் மங்கித்தான் வரும்.