சும்மாயிருக்கும் இணைப்புகள்

கிளவுடில் ஒரு லோடு பேலன்சரைத் தெரிந்தெடுக்கும் சந்தர்ப்பம் வந்துவிட்டால், இதற்கு இது உண்டு, அதற்கு அது இல்லையென்று அட்டவணை போட்டுக் குறியிட்டுக்கொண்டே போய், குறிகள் அதிகம் விழுந்த பக்கம் சாய்வது நம்மவரிடையே சம்பிரதாயமாகிவிட்டது. நானும் அப்படிப் பல அட்டவணைகள் போட்டவன்தான். அமேசான் 2016-இல் வெளியிட்ட அப்ளிகேஷன் லோடு பேலன்சர் ஏழாம் அடுக்கில் நின்று, கோரிக்கையின் பாதையையும் ஹெடரையும் வாசித்துத் தக்க சர்வருக்கு அனுப்புகிறது. மறு ஆண்டு வந்த நெட்வொர்க் லோடு பேலன்சரோ, உள்ளே இருப்பது இன்னதென்று பாராமல், மண்டலத்துக்கு ஒரு நிலையான ஐ.பி. முகவரியுடன் நான்காம் அடுக்கிலேயே காரியத்தை முடித்துவிடுகிறது. 2020-இல் வந்த கேட்வே வகை, ஃபயர்வால் முதலிய சாதனங்களுக்கென ஏற்பட்டதாகையால் இங்கே விவரிக்க அவசியமில்லை.

இந்த லட்சணங்களெல்லாம் அட்டவணையில் தவறாமல் ஏறுகின்றன. பேச்சுமூச்சின்றிக் கிடக்கும் ஓர் இணைப்பை இவை எத்தனை விநாடி பொறுத்துக்கொள்ளும் என்பதோ பெரும்பாலும் ஏறுவதில்லை. நாமாக மாற்றாதவரை அப்ளிகேஷன் வகைக்கு 60 விநாடி, நெட்வொர்க் வகைக்கு, டி.சி.பி. இணைப்பாயின், 350, அஷ்யூரின் லோடு பேலன்சருக்கு 4 நிமிஷம்.

எங்கள் குழுவில் மாத முடிவு அறிக்கை ஒன்று, நெட்வொர்க் லோடு பேலன்சர் வழியாக டேட்டாபேஸைக் கேள்வி கேட்டுவிட்டு, 7 நிமிஷம் பதிலுக்குக் காத்திருப்பது வழக்கம். 350 விநாடி கடந்ததும் இணைப்பின் பதிவு அழிந்துபோக, 420-ஆவது விநாடியில் பதிலைக் கொண்டுவந்த டேட்டாபேஸுக்கு ஆர்.எஸ்.டி. பாக்கெட் கிடைத்தது, கேட்டவருக்கோ ஒன்றுமே கிடைக்காமல், அறிக்கை விடியும்வரை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கீப்அலைவ் போட்டிருந்தால் மட்டும் என்ன? லினக்ஸ் தன் முதல் விசாரணைப் பாக்கெட்டை அனுப்புவது, வழக்கமான அமைப்பில், 7,200 விநாடி கழித்தே. அதை 120 ஆக்கி கீப்அலைவையும் இயக்கிய பின்னரே எங்களுக்கு நித்திரை வந்தது.

ஏழாம் அடுக்கில் அனர்த்தம் தலைகீழாக நேர்கிறது. நோட்.ஜே.எஸ்.-இன் பல பதிப்புகளில் சும்மாயிருக்கும் இணைப்புக்கு 5 விநாடியே தவணை. 60 விநாடி தனக்குண்டென்று நம்பிய லோடு பேலன்சர், சர்வர் கதவைச் சாத்தும் அதே கணத்தில் அடுத்த கோரிக்கையை நீட்ட, உபயோகிப்பவருக்கு 502 வந்து சேர்கிறது. சர்வரின் லாகில் அதற்குச் சுவடே இராது.

ஆகையால், அடுத்த இதழுக்கு ஒப்பீட்டுக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள், தங்கள் அட்டவணையில் ஒரு பத்தியைக் கூட்டி, லோடு பேலன்சரின் பொறுமையையும் அதற்கு இருபுறமும் நிற்பவர்களின் பொறுமையையும் விநாடிக் கணக்கில் எழுதி அனுப்பும்படி வேண்டுகிறேன்.