மழை எமக்காகக் காத்திராது

"சொந்தக் காணிக்குப் போனபிறகு தோட்டம் செய்வோம்" என்று இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல சொல்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் தமது காணிக்குத் திரும்பவில்லை. திரும்பும் உரிமையை எவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுத் தோட்டத்தை அந்த நாள்வரை தள்ளிப்போடுவது சரியல்ல என்பதே எமது கருத்து.

விதைப் பொதிக்காகக் காத்திருப்பதும் இதைப் போன்றதுதான். நிவாரண விதை பிந்தி வருவது எமக்குப் புதினமல்ல. மாசியில் கிடைத்த விதையைப் பங்குனி வெயிலில் போட்டுவிட்டு, மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. விதை வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: ஆவணி முடியுமுன் கொடுங்கள்.

வடபகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெய்கிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எமக்குப் பொருந்தாது. எமது ஆடியில் சோளகக் காற்றும் வறட்சியுமே உண்டு. எமக்குப் புரட்டாதியே ஆயத்த மாதம். அப்போது நிலத்தைக் கொத்தி, எருவும் மக்கிய குப்பையும் இட்டு, பாத்தியை உயர்த்தி, வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். 2008 கார்த்திகையில் நிசா புயல் கொண்டுவந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதன் அவசியம் புரியும்.

ஐப்பசியில் முதல் மழை மண்ணை நன்கு நனைத்ததும் வெண்டி, பயற்றை, பூசணி, பாகல் விதைகளை ஊன்றலாம். வெண்டி 45 முதல் 50 நாட்களில் காய்க்கத் தொடங்கும். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை அடைமழையைத் தாங்கமாட்டா. இவற்றுக்குக் கார்த்திகையில் உயர்ந்த மேடையில் நாற்றுப் போட்டு, மேலே கிடுகு அல்லது தறப்பாள் கட்டிக் காக்க வேண்டும். தக்காளி நாற்று 3, 4 கிழமையிலும் மிளகாய் நாற்று 5, 6 கிழமையிலும் நடுகைக்குத் தயாராகும். மழை தணியும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் நட்டால் கிணற்றுத் தண்ணீரும் குறையாமல் இருக்கும்.

இரவல் காணியில் இருப்பவர்கள் எப்போது எழும்பச் சொல்வார்களோ என்று அஞ்சுவது இயல்பு. அவர்கள் குறுகிய காலப் பயிர்களைத் தெரியலாம். முளைக்கீரை 25 முதல் 30 நாட்களில் கறிச்சட்டிக்கு வந்துவிடும். நல்ல செடி ஒன்றின் காய்களை முற்றவிட்டு, விதையை உலர்த்தி, சாம்பலுடன் கலந்து போத்தலில் இறுக மூடி வையுங்கள். கலப்பின விதை தாய்ச்செடியைப் போல் விளையாது. உள்ளூர் இன விதையையே சேமியுங்கள். காணியைக் கூடவே தூக்கிச் செல்ல முடியாது, விதையைக் கொண்டுசெல்லலாம். கையில் விதை இருந்தால் பொதி பிந்தினாலும் காலம் பிந்தாது.

பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா ஒரு கடிதம் எழுதினார். அந்நிய மண்ணிலும் தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணும்படி அதில் அறிவுறுத்தினார். ஊர் திரும்பும் நாள் வரும் என்ற நம்பிக்கையையும் அதே கடிதத்திலேயே கொடுத்தார். தோட்டம் போட்டவர்கள் ஊரை மறந்தவர்கள் ஆகமாட்டார்கள். வருகிற புரட்டாதியில் வாசலோரம் ஒரு பாத்தியாவது கொத்துங்கள்.