ரேஸ்கோர்ஸில் நடந்துகொண்டே ரேஸைத் திட்டுகிறோம்

போன வியாழக்கிழமை காலை நடை முடிந்து, வழக்கம்போல ரேஸ்கோர்ஸ் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டு நாங்கள் ஆறு பேர் நின்றிருந்தோம். ஆறு பேர் வயதையும் கூட்டினால் நானூற்று இருபதைத் தாண்டும். கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், எங்களில் ஒருவருக்கு வேண்டியவர், யோசனை கேட்க வந்திருந்தார். அவருடைய பையனுக்குப் பதினேழு வயது. டிப்ளமா மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். நண்பர்களோடு வாடகைக் கோ-கார்ட் ஓட்டப் போன இடத்தில், அன்றைக்கு வந்த எல்லாரையும்விடக் குறைந்த நேரத்தில் சுற்றி வந்திருக்கிறான். அங்கே இருந்தவர்கள், "தம்பி, முறையாகக் கற்றுக்கொள், செட்டிப்பாளையம் டிராக்கில் ஓட்டலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

"என்னங்க செய்யறது? விடலாமுங்களா?" என்று கேட்டார்.

ஐந்து பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். "அது பணக்காரன் வெளையாட்டுங்க." "பையனைக் கெடுத்துப் போடாதீங்க." "கையக் கால ஒடைச்சுட்டு வந்து நின்னா யாரு பாக்கறது?" அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். அவர் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓய்வு பெற்றபின் நாலு வருடம் செட்டிப்பாளையம் பந்தயங்களில் கொடி பிடித்து நின்றவன் நான். எனக்குத் தெரிந்ததை அன்று வாய் திறந்து சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். என் நடை நண்பர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

முதலில் ஒரு வேடிக்கை. நாம் தினமும் நடக்கும் பாதைக்கு ரேஸ்கோர்ஸ் என்று பெயர் வந்ததே அங்கே குதிரைப் பந்தயம் ஓடியதால்தான். நம் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். நம் நடைபாதையைவிடச் சின்னது. பந்தயம் நடந்த மண்ணில் செருப்பு தேய நடந்துகொண்டு, பந்தயம் என்றாலே ஊர் கெட்டுவிடும் என்கிறோம்.

இன்னொன்று. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா என்றால் இதே நண்பர்கள் கார் ஏற்பாடு செய்துகொண்டு போவார்கள். 200 மீட்டர், 300 மீட்டர் என்று காளைகள் பறக்கும்போது, வண்டியில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பது யார்? இதே வயதுப் பையன்கள்தான். தலையில் ஹெல்மெட் கிடையாது. இருபுறமும் கூட்டம். அதை வீரம் என்கிறோம், பாரம்பரியம் என்கிறோம். நானும் போய்க் கைதட்டியவன்தான். ஆனால் அதே பையன் இரும்புக் கூண்டு வைத்த காரில், ஆறு இடத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு, தீப்பிடிக்காத உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டு உட்கார்ந்தால் மட்டும் தறுதலை ஆகிவிடுவானா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை வாழ்த்து! அப்போது அவருக்கு 53 வயது. ஐம்பத்து மூன்று வயதுக்காரருக்கு விசில் அடிக்கிறோம். பதினேழு வயதுப் பையன் கேட்டால் புத்தி சொல்கிறோம்.

சரி, நண்பர்கள் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பையன் முரடனாகிவிடுவான் என்பது முதல் காரணம். இதைச் சொல்பவர்கள் ஒரு நாளாவது டிராக் ஓரம் நின்றிருக்க மாட்டார்கள். அங்கே ஒரு பையன் முதலில் கற்றுக்கொள்வது வேகத்தை இல்லை, கொடியைத்தான். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. நீலம் காட்டினால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விட வேண்டும். சிவப்பு என்றால் பந்தயம் நின்றுவிட்டது. கறுப்புக் கொடியோடு அவன் கார் எண்ணைக் காட்டினால், மறுபேச்சில்லாமல் பிட்டுக்கு வந்து சேர வேண்டும். வேண்டுமென்றே இடித்தால் நடுவர்கள் முன்னால் நிற்க வேண்டும். மீறிப் போனால் உரிமமே போகும். கோபத்தோடு காரைவிட்டு இறங்கி, நடுவர் அறைக்குள் போய், பத்து நிமிடத்தில் தலை குனிந்து வெளியே வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த பந்தயத்தில் அவர்கள் ஓட்டிய ஒழுங்கையும் பார்த்திருக்கிறேன். அவினாசி சாலையில் சிக்னலை மதிக்காமல் போகும் நம் வயதுக்காரர்களை யார் பிட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்?

சின்ன டிராக்குக்கு இன்னொரு நன்மை உண்டு. நீளமான நேர் பாதை இல்லாததால் கார் பெரிய வேகத்தை எட்டுவதற்குள் வளைவு வந்துவிடும். பிரேக்கை எங்கே மிதிப்பது, எங்கே திருப்புவது, எப்போது மறுபடி ஆக்சிலேட்டரைத் தொடுவது என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. சுற்று சீக்கிரம் முடிவதால் அதே வளைவு திரும்பத் திரும்ப வரும். காலையில் தப்பாக எடுத்த வளைவை மதியத்துக்குள் முப்பது தடவை திருத்திப் பார்க்கலாம். சாலையில் ஒரு வளைவைத் தப்பாக எடுத்தால் திருத்த இரண்டாவது வாய்ப்புக் கிடைக்குமா?

ஆபத்து என்பது இரண்டாவது காரணம். இதை நான் மறுக்க மாட்டேன். 2023 ஆகஸ்டில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்துபோனான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டிராக்கில் எதுவும் நடக்காது என்று சொல்பவன் பொய்யன். எந்த வயதில் எந்த வண்டி, யார் கண்காணிப்பில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அங்கே ஆம்புலன்ஸும் டாக்டரும் நிற்கிறார்களா என்று ஒவ்வொரு தகப்பனும் தானே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் டிராக்கை அடைத்துவிட்டால் ஆபத்தும் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். இதுவரை இங்கே எழுதாத கதை.

முப்பது வருடத்துக்கு முன்பு என் மகன் கல்லூரி மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். சென்னைப் பக்கம் நாலு நாள் பந்தயப் பயிற்சி இருக்கிறது, போகட்டுமா அப்பா என்று கேட்டான். அப்போது நான் பம்ப் கம்பெனியில் டூல் ரூமில் இருந்தேன். கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. பணத்தைக் காரணம் சொல்லியிருந்தாலாவது அவன் புரிந்துகொண்டிருப்பான். நானோ, "அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுகளுக்கில்ல, படிப்பப் பாரு" என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, சிறுவாணி ரோட்டில் இரண்டு பைக் பந்தயம். ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. வளைவில் மணல். மஞ்சள் கொடி காட்ட யார் இருந்தார்கள்? தோள்பட்டை எலும்பும் முழங்கையும் நொறுங்கிக் கிடந்தவனை, அந்த வழியாக வந்த லாரிக்காரர் தூக்கி வந்தார். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் என் மகனால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. ரயிலில் மேல் தட்டில் பெட்டி வைக்க வேண்டுமென்றால் மருமகள்தான் வைப்பாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

டிராக்குக்குப் போகாதே என்று சொன்னேன். வேகத்தை அவன் மனதிலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை. உங்களாலும் முடியாது. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலம் பத்து கிலோமீட்டர் நீளம். நள்ளிரவில் அதன் மேல் கேட்கும் சத்தம் யார் வீட்டுப் பிள்ளைகளுடையது? பதினெட்டு வயது ஆகாத பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து ஒரு குற்றம் நடந்தால், 2019-இல் திருத்திய சட்டப்படி பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அது தெரிந்தும் டியூஷனுக்குப் போக ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிறோம். டிராக் என்றால் மட்டும் பயம் வருகிறது.

மூன்றாவது காரணம், பணக்காரன் விளையாட்டு. இதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்குப் பந்தயம் நடத்துபவர்கள் பதில் சொல்ல வேண்டும். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு விளக்குப் போட்டு இரவுப் பந்தயம் நடத்தினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கணபதிப் பட்டறைப் பையன் அங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம், ஓட்ட முடியாது. அவனுக்கு வேண்டியது பக்கத்து ஊர் சின்ன டிராக்கில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டுக்குக் கட்டுப்படியாகும் கட்டணம், தமிழில் அச்சடித்த விதிமுறை. முதல் தடவை வாசலில் வந்து நிற்கும் தகப்பனை உட்காரச் சொல்லி விளக்க ஒரு ஆளும் வேண்டும். இதற்கு விளக்கு அலங்காரம் தேவையில்லை.

மலிவாகச் செய்ய முடியாது என்று யாரும் நம் ஊரில் சொல்லக் கூடாது. செய்து காட்டியவர் நம் ஊர்க்காரர். கரிவரதன் பெரிய மில் குடும்பத்தில் பிறந்தவர். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர். அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார்களை இறக்கி, தானும் தன் நண்பர்களும் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் 1988-இல், தெருவுக்குத் தெரு ஓடிய மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். பார்முலா மாருதி என்று பெயர். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், பணத்தைவிட ஓட்டுகிறவனின் திறமைதான் பேசும். நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அந்தக் காரில்தான். அவரே 2005-இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயரை வைத்தோம். அவர் செய்ததை மறந்துவிட்டோம்.

உடனே ஒருவர் கேட்பார்: "நரேன் ஒருத்தர்தானுங்களே? மத்த பசங்க என்ன ஆனாங்க?" நான் பார்த்த பையன்களில் ஒருவர்கூட பார்முலா ஒன்னுக்குப் போகவில்லை. ஒருவன் இன்று பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறான். ஒருவன் சொந்தமாக எஞ்சின் வேலைப் பட்டறை வைத்திருக்கிறான். இன்னொருவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான், பெல்ட் போடாதவரை வண்டியில் ஏற்றமாட்டான். கிரிக்கெட் பயிற்சிக்குப் போகும் பையனிடம் இந்திய அணியில் இடம் கிடைக்குமா என்று கேட்டா பேட் வாங்கிக் கொடுக்கிறோம்?

கடைசியாக நம்மைப் பற்றி. இந்த ஊரில் ஓய்வு பெற்ற டர்னர், பிட்டர், வெல்டர், பவுண்டரிக்காரர் எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்! பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரையும் பரிசோதிக்க வேண்டும். கூண்டு வெல்டிங் சரியா, பிரேக் பைப் கசிகிறதா, பெட்ரோல் டேங்க் இறுக்கமா, பெல்ட் நைந்திருக்கிறதா என்று பார்க்க அனுபவப்பட்ட கண் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது. கொடி பிடிக்க ஆள் வேண்டும், நேரம் குறிக்க ஆள் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே காரைச் செய்து செட்டிப்பாளையத்துக்குப் போட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். வெல்டிங் விட்டுப்போய் விடிய விடிய முழிக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று, "கண்ணு, கம்பிய இப்படிப் புடி" என்று சொல்ல ஒரு கிழவன் போதும். தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுபோனால் சரி. வெயில் கொஞ்சம் கடுமைதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் நடைக்கு வரமாட்டேன். கணபதிக்குப் போகிறேன். வியாழக்கிழமை சொல்லாமல் விட்டதை அந்தப் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் தகப்பனையும் மகனையும் செட்டிப்பாளையம் கூட்டிப்போய், முதலில் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று காட்டப் போகிறேன். என் மகனிடம் நேற்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் வரட்டுங்களாப்பா?" என்று கேட்டான்.

காரில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. என்னோடு சண்டை போட விரும்பும் நடை நண்பர்கள் யாராவது வரலாம். காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம்.