சாதுவான விமானம் மட்டும் போதுமா?

நீச்சல் பழகும் பிள்ளையை முதலில் எங்கே இறக்குவோம்? ஆழம் இல்லாத படித்துறையில்தான். ஆனால் கடைசிவரை அங்கேயே நின்றால் நீச்சல் வருமா?

கிளைடர் ஓட்டக் கற்பதும் அப்படித்தான். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். நீண்ட கம்பியில் மாட்டி, எந்திரத்தால் இழுத்து மேலே ஏற்றுவார்கள். பிறகு கம்பி கழன்றுவிடும். கிளைடர் காற்றில் மிதக்கும்.

தனியே தவித்த மாணவர்

கிளைடருக்குப் பெயர்போன நாடு ஜெர்மனி. அங்கே 1938-ல் வந்த "எஸ்.ஜி. 38" என்ற பயிற்சிக் கிளைடரில் இருக்கை ஒன்றுதான். மாணவர் தனியாகவே பறக்கவேண்டும். தவறு செய்தால் கைகொடுக்க ஆள் கிடையாது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஏறும் கிளைடர்கள் பெருகின. 1966-ல் மரமும் இரும்புக் குழாயும் துணியும் கொண்டு செய்த "ஏ.எஸ்.கே. 13" பறந்தது. 1979-ல் கண்ணாடி இழையால் ஆன "ஏ.எஸ்.கே. 21" பறந்தது. இரண்டையும் வடிவமைத்தவர் ருடால்ஃப் கைசர்.

புதியது, ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து இறங்குவதற்குள் சுமார் 34 கிலோமீட்டர் தூரம் போகும். குணத்திலோ பரம சாது. மாணவரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பல நாட்டுச் சங்கங்கள் அதை விரும்பி வாங்கியதில் வியப்பில்லை.

பொறுமையே ஆபத்து

ஆனால் இந்தப் பொறுமையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

வேகத்தை மிகவும் குறைத்துக்கொண்டு திரும்பினால், கிளைடரின் ஓர் இறக்கை சட்டென்று சாயும். கிளைடர் பம்பரம்போலச் சுழன்று விழும். தரைக்கு அருகே இது நடந்தால் மீள நேரம் இருக்காது. ஏ.எஸ்.கே. 21 எளிதில் சுழலாது. ஆகவே அதில் மட்டும் பழகியவர் அந்த ஆபத்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். நாளை வேறு கிளைடரில் தனியே போகும்போது அது வந்தால்?

இதற்கு வழி இருக்கிறது. வாலில் எடை சேர்த்தால் இந்தச் சாதுவும் சுழலும். அல்லது, சுழலக்கூடிய பழைய ஏ.எஸ்.கே. 13 ஒன்றைச் சங்கம் விற்காமல் வைத்துக்கொள்ளலாம். நல்ல உயரத்தில், ஆசிரியர் பக்கத்துணையோடு, சுழலையும் அதிலிருந்து மீள்வதையும் காட்டவேண்டும்.

சங்கத்தில் பணம் எப்போதும் குறைவுதான். அதற்காக இந்தப் பாடத்தைக் குறைக்கக்கூடாது. "எவ்வளவு தூரம் பறக்கும்?" என்று பிறகு கேட்கலாம். "எங்கள் பிள்ளை தனியே போகும் நாளில் உயிரோடு திரும்ப, இது கற்றுக்கொடுக்குமா?" என்பதே முதல் கேள்வி.