கொல்லையில் தொடங்கும் யாத்திரை

சித்திரை வெயில் உறைக்கத் தொடங்கிப் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டுவிட்டால், நம் நடுத்தரக் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான் எழுகின்றது. "இவ்வருஷம் எங்கே போவது?" என்பதே அப்பேச்சு. உதகமண்டலமா, கொடைக்கானலா என்று தகப்பனாருக்கும் பிள்ளைகளுக்கும் வாதம் நடக்கின்றது. பெட்டிகள் தூசி தட்டப்படுகின்றன. இவ்வாதத்தில் நாம் கட்சி சேர விரும்பவில்லை. ஆனால், போகுமிடத்தைப் பற்றி இத்தனை யோசனை செய்கின்ற நாம், புறப்படுமிடத்தைப் பற்றிச் சிறிதேனும் யோசித்ததுண்டா என்று மட்டும் கேட்க விரும்புகின்றோம்.

மலைகளின் நிலைமையை வாசகர்கள் அறிவார்கள். சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டுமென்று ஏற்பட்டது. அது போதாதென்று கண்டு, 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்களே ஏறலாமென்று வரம்பும் கட்டப்பட்டது. நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. மலை என்ன குற்றம் செய்தது, அதற்குக் கதவு போட? மலை தாங்கவில்லை என்பதே உண்மை. ஆயிரக்கணக்கான வண்டிகளின் புகையையும், அவர்கள் எறிந்துவிட்டுப் போகும் பிளாஸ்டிக் குப்பையையும் தாங்கும் சக்தி எந்த மலைக்கும் இல்லை. கோர்ட்டார் வண்டிகளின் தொகையைக் குறைக்கலாம். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருடைய மனப்பான்மையைச் சீர்திருத்துவது கோர்ட்டின் வேலையன்று. அது வீட்டின் வேலை.

இதற்கு நாம் நேரில் அறிந்த திருஷ்டாந்தம் ஒன்று கூறுவோம். சென்னைக்குத் தெற்கே, ஒரு புறநகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் குடும்பத்துடன் மலைக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். தாயார், மனைவி, பத்து வயதுப் பெண், ஏழு வயதுப் பையன் ஆகியோர் அடங்கியது அக்குடும்பம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு கொல்லை. அதில் ஒரு கிணறு, ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு வேம்பு. மலையிலிருந்து திரும்பியதும் அக்கொல்லை முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போடுவதென்றும், வண்டி நிறுத்த இடம் செய்வதென்றும் தீர்மானித்து, மேஸ்திரிக்கு அச்சாரமும் கொடுத்துவிட்டார். இந்நிலையில் தாயாருக்குச் சுரம் கண்டது. பிரயாணம் நின்றது. குழந்தைகளின் அழுகையைச் சொல்ல வேண்டுவதில்லை.

வேறு வழியின்றிக் குழந்தைகள் கொல்லையில் விளையாடத் தொடங்கினார்கள். முதல் வாரத்தில் அவர்கள் கண்டது அணிலும் காக்கையுந்தான். இரண்டாம் வாரத்தில், அகன்ற இலையொன்றின் ஓரங்களை இணைத்து நாரினால் தைத்து, அதனுள் பஞ்சு வைத்து முட்டையிட்டிருந்த தையல்சிட்டை அப்பெண் கண்டுபிடித்தாள். துணி உலர்த்தும் கம்பியில் தேன்சிட்டு பை போலத் தொங்கவிட்ட கூட்டைப் பையன் கண்டான். அன்று முதல் அந்தக் கம்பியில் துணி உலர்த்துவது நின்றது. வேம்பின் உச்சியிலிருந்த காக்கைக் கூட்டில் ஒரு குஞ்சு மட்டும் வேறு குரலில் கத்துவதைக் கேட்டுப் பாட்டியிடம் ஓடினார்கள். காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுவதைப் பாட்டி சொன்னாள். விடியற்காலையில் கூவுவது கன்னங்கரிய ஆண் குயிலென்பதும், உடலெல்லாம் புள்ளி பெற்ற பழுப்பு நிறப் பறவையே பெண் குயிலென்பதும் அவ்வீட்டாருக்கு அதுவரை தெரியாது. குயிலைப் பற்றிப் பாட்டுப் பாடாத தமிழன் இல்லை. பெண் குயிலைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

மூன்றாம் வாரத்தில் நடந்த சம்பவமே இதை எழுதத் தூண்டியது. ஒரு நாள் பிற்பகல், கிணற்றடியில் அடுக்கியிருந்த செங்கற்களின் இடையிலிருந்து ஆறடிக்கு மேற்பட்ட பாம்பு ஒன்று வெளிவந்தது. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் அண்டை வீட்டுக்காரர் நால்வர் தடிகளுடன் வந்துவிட்டனர். நண்பரும் ஒரு தடியைக் கையில் எடுத்தார். அப்பொழுது சுரத்தில் படுத்திருந்த தாயார் எழுந்து வந்து வாசற்படியில் நின்றுகொண்டு, "அடிக்காதேடா, அது சாரை. எலியைத் தின்ன வந்திருக்கிறது. விலகி நில்லுங்கள், தானே போய்விடும்" என்று சொன்னார். தடிகள் தாழ்ந்தன. பாம்பும் வேலியைத் தாண்டிப் போயிற்று. வந்தவர்களில் ஒருவர் மட்டும், "சாரையானால் என்ன? அது நாகத்தின் ஜோடி, பின்னாலேயே நாகம் வரும்" என்று சொல்லிச் சென்றார். அதுவே அத்தெருவில் பல காலமாக நிலவிய நம்பிக்கை; பாட்டியின் நம்பிக்கையும் அதுவே.

அந்தச் சொல் பெண்ணின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. தாயார் குணமடைந்த பின், வந்த சனி ஞாயிறில் எங்காவது போகலாமென்று தகப்பனார் சொன்னபோது, பாம்புகளைப் பற்றித் தெரிந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றாள். மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் வடநெம்மேலி இருக்கின்றது. 1976 இல் ஏற்பட்ட முதலைப் பண்ணையும், அதன் எல்லைக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் அங்கே உள்ளன. குடும்பம் அங்கே சென்றது.

அச்சங்கத்தின் வரலாறு ஒவ்வொரு தேசாபிமானியும் அறியத் தக்கது. இருளர்கள் முன்பு பாம்புகளைப் பிடித்துத் தோல் வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்தவர்கள். 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் தோல் வியாபாரமும் ஒழிந்தது. பிழைப்பை இழந்த அவர்கள் தங்கள் வித்தையை இழக்கவில்லை. 1978 இல் சங்கம் கூட்டினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் உயிரோடு பிடித்து, மண்பானைகளில் வைத்து, சுமார் மூன்று வார காலத்தில் நான்கு முறை விஷத்தை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டிலே விடுகின்றார்கள். அவ்விஷத்தைக் கொண்டே, குதிரைகளின் மூலமாக, விஷமுறி மருந்து தயாராகின்றது. 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். அந்தச் சாவைத் தடுக்கும் மருந்து, நாம் ஏறெடுத்தும் பாராத ஒரு ஜாதியாரின் கையிலிருந்து வருகின்றது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023 இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அதற்குமுன் அவர்களுடைய பெயரைக் கேட்டவர்கள் நம்மில் மிகச் சிலரே.

பெண் அங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டு திரும்பினாள். சாரை வேறு இனம், நாகம் வேறு இனம், இரண்டும் கூடுவதில்லை. இரண்டு பாம்புகள் பிணைந்து எழும்புவதைக் கண்டு சாரையும் நாகமும் இணைவதாக ஜனங்கள் கருதும் காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலப் பரீட்சை செய்வதேயாகும். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, "பாட்டி, நீ அன்றைக்கு அடிக்காதே என்றது சரி, ஜோடி என்றதுதான் தப்பு" என்றாள். பாட்டியும், "அப்படியா? எனக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்தது" என்று சிரித்தாராம். அந்தத் தெருவில் இனி ஒரு சாரை அடிபடுமாயின், அது அறியாமையினால் என்று சொல்ல முடியாது.

இதைச் சிறு கதையென்று தள்ளிவிட வேண்டாம். பறவை நூல் வல்லுநர் ஸாலிம் அலியின் வாழ்க்கை இவ்வாறே தொடங்கியது. சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் கறை இருக்கக் கண்டு, அது என்ன குருவியென்று கேட்டான். வீட்டுப் பெரியவர் அவனைப் பேசாமலிரு என்று அதட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அந்தக் கேள்வியிலிருந்தே 1941 இல் வெளிவந்த இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புத்தகம் பிறந்ததென்று சொல்லலாம். நம் தமிழ்நாட்டிலும், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996 இல் தாம் காலமாகும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இடைவிடாது எழுதி வந்தார். யானையையும் புலியையும் எழுதிய அதே கையால், அணிலையும் காக்கையையும் வீட்டுப் பல்லியையும் சமமாக மதித்து எழுதினார்.

நம் கிராமத்தாரோ இப்பாடத்தை எந்தப் புத்தகமும் இல்லாமலே கற்றவர்கள். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் முறையிட்டு, 1798 இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் கௌல் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு எருவாவதை அக்குடியானவர்கள் அறிந்திருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் என்னும் ஊரில், மஞ்சள்மூக்கு நாரைகள் ஏரியோடு நில்லாமல் ஊருக்குள்ளே, வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நாற்றத்தையும் இரைச்சலையும் அவ்வூரார் பொறுத்துக்கொள்கின்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கின்றனர். சர்க்கார் அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994 இல்தான். ஊரார் அறிவித்தது எப்போது என்பதற்கு ஏது தஸ்தாவேஜு?

இங்கே சிலர் ஆட்சேபம் கூறலாம். "பட்டணத்தில் அடுக்கு மாடியில் வாழ்பவனுக்குக் கொல்லை ஏது?" என்பார்கள். கொல்லை இல்லாதவனுக்கும் தெரு மரம் உண்டு, கோயில் நந்தவனம் உண்டு, ஏரிக்கரை உண்டு. அவற்றை வெட்டும்போதும் தூர்க்கும்போதும் நகரசபையைக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. "விஷ ஜந்துக்களுடன் குழந்தைகளை விளையாட விடலாமா?" என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இது: விளையாட விட வேண்டாம், அறிந்துகொள்ள விடுங்கள். பாம்பைத் தொடக் கூடாது, துரத்தக் கூடாது; எட்ட நின்று வனத்துறைக்கோ தீயணைப்புப் படைக்கோ சொல்ல வேண்டும்; கடி நேர்ந்தால் மந்திரவாதியை நாடாமல் ஒரு கணமும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவ்வளவும் தெரிந்த குழந்தை, தடியை மட்டுமே அறிந்த பெரியவரைக் காட்டிலும் பத்திரமாக வாழும்.

மலைப் பிரயாணம் கூடாதென்று நாம் சொல்லவில்லை. நாட்டைச் சுற்றிப் பார்ப்பது நல்லதே. ஆனால், தன் வீட்டுக் கம்பியில் கூடு கட்டிய சிட்டுக்காகத் துணி உலர்த்தும் இடத்தை மாற்றிக்கொண்ட பையன், மலைக்குப் போனால் அங்கே பாட்டிலை எறிய மாட்டான். கொல்லையில் பழகாதவன் மலையையும் ஒரு கடைத்தெருவாகவே காண்பான். தேசம், தேசம் என்று மேடையில் முழங்கும் நாம், அத்தேசத்தில் நமக்கு முன்பே குடியிருக்கும் பிராணிகளின் பெயரைக்கூட அறியாமல் இருப்பது நமக்குப் பெருமை தருவதாகாது.

ஆதலின், பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, கொல்லையைச் சிமெண்டால் மூடாதீர்கள். மழைநீரைச் சேமிக்க ஒவ்வொரு கட்டடத்திலும் ஏற்பாடு வேண்டுமென்று 2003 இல் சட்டம் செய்த நாட்டில், நீர் இறங்கும் மண்ணையே நாம் மூடுவது விந்தையிலும் விந்தை. இரண்டாவது, உபாத்தியாயர்கள் கோடை விடுமுறைக்குக் கொடுக்கும் பாடங்களில், வீட்டைச் சுற்றிக் கண்ட பத்துப் பிராணிகளின் பெயரையும் பழக்கத்தையும் எழுதி வருவதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, அவ்விதம் எழுதும் குழந்தைகள் வீட்டுப் பாட்டிமாரிடமும், இருளர் போன்ற மக்களிடமும் கேட்டு எழுத வேண்டும். ஏட்டிலேறாத கல்வி அவர்களிடம் இருக்கின்றது. அவர்கள் காலத்துக்குப் பின் அதைக் கேட்க ஆள் இராது.

நண்பரின் கொல்லை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மேஸ்திரி வந்தபோது பெண் கிணற்றடியில் நின்றுகொண்டு, செங்கல் அடுக்கை எடுக்கக் கூடாது என்றாள். தகப்பனார் சற்று நேரம் யோசித்தார். அச்சாரத்தைத் திரும்பக் கேட்கவில்லை. வாசற்பக்கத்துச் சுவரைப் பழுது பார்க்கச் சொல்லி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். வண்டி இன்றும் தெருவில்தான் நிற்கின்றது. சாரை மறுபடி வந்ததாம்.