பழைய ஜீப்புக்குத் தானியங்கிக் கியர் பெட்டி தகுமா?

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட குன்றுப் பிரதேசத்தில் வெதுருகுப்பம் அமைந்துள்ளது. மாந்தோப்புகளும் கரும்புக் கொல்லைகளும் நிலக்கடலைப் புன்செய்களும் நிறைந்த இச்சுற்றுப்புறத்தில், தார்ச் சாலையை விட்டு இறங்கியதும் மேடும் பள்ளமுமான வண்டிப்பாதைகளே எதிர்ப்படும். இத்தகைய பாதைகளுக்கு ஏற்ற வாகனம் ஜீப் என்பது பல்லாண்டு அனுபவத்தில் கண்ட உண்மை. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோது சித்தூர் மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் அடங்கியிருந்தது. அத்திட்டத்தின் அலுவலர்களைக் கிராமந்தோறும் ஏற்றிச் சென்ற ஊர்தி ஜீப் வண்டியே ஆகும்.

15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே பழைய ஜீப்புகளில் இன்று ஓடுபவை தனியார் கைகளிலேயே உள்ளன. அவற்றைப் பேணி வருவோருள் சிலரிடம் ஒரு விருப்பம் எழுந்துள்ளது. கிளட்சையும் கையால் மாற்றும் கியர் பெட்டியையும் கழற்றிவிட்டு, தானியங்கிக் கியர் பெட்டியைப் பொருத்தலாமா என்பதே அது. 2020 அக்டோபரில் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டி, ஆறு வேகத் தானியங்கிப் பெட்டியுடனும் விற்பனைக்கு வந்தது. புதிய வண்டிக்குத் தகுவது பழைய வண்டிக்கும் தகும் என்று எண்ணுவது எளிது. ஆயினும் இவ்வினாவுக்கு விடை காணுமுன், ஏற்றத்தில் கிடைக்கும் சுகத்தை மட்டுமன்றி இறக்கத்தில் கிடைக்கும் பாதுகாப்பையும் எடைபோடுதல் வேண்டும்.

தானியங்கிப் பெட்டியின் உயிர்நாடி, எஞ்சினுக்கும் பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள எண்ணெய்ச் சுழலி. இதன் தத்துவத்தை வகுப்பறையிலேயே விளக்கலாம். இரண்டு மேசை மின்விசிறிகளை நேரெதிராக வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று மற்றதையும் சுழற்றக் காணலாம். காற்றுக்குப் பதிலாக எண்ணெயையும், திறந்த வெளிக்குப் பதிலாக மூடிய கூட்டையும் கற்பனை செய்துகொண்டால் கருத்து விளங்கும். திரும்பி வரும் எண்ணெயை நெறிப்படுத்த இடையில் மூன்றாவது சக்கரம் ஒன்றும் அமைந்திருப்பதால், வண்டி புறப்படும் தறுவாயில் சுழற்றும் விசை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகுகிறது. ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் இதற்கு உரிமை பெற்றது கப்பல்களுக்காக. மோட்டார் வாகனங்களில் தானியங்கிப் பெட்டியைப் பெருமளவில் புகுத்தியது 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். 1976-இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே.-7 ஜீப்பிலும் அது இடம்பெற்றது. எனவே ஜீப்புக்கும் தானியங்கிப் பெட்டிக்கும் பகை ஏதும் இல்லை.

அதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. மணலிலும் சேற்றிலும் கியர் மாற்றும்போது விசை அறுபடாது. செங்குத்தான ஏற்றத்தில் நின்று புறப்படும்போது எஞ்சின் அணைந்துவிடாது. பழைய வில்லிஸ் ஜீப்பில் முதல் கியருக்கு ஓட்டத்திலேயே மாற, கிளட்சை இருமுறை மிதிக்கும் பயிற்சி தேவை. தானியங்கியில் அத்தொல்லை அறவே இல்லை.

இனி இறக்கத்தைப் பார்ப்போம். திருமலைக்கு 1944-இல் அமைந்த முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. அவ்வழியில் இறங்கும் அனுபவமிக்க ஓட்டுநர், தாழ்ந்த கியரில் வண்டியை வைத்து எஞ்சினையே தடையாகப் பயன்படுத்துவார். கையால் மாற்றும் பெட்டியில் எஞ்சினும் சக்கரங்களும் இரும்பால் பிணைக்கப்பட்டிருப்பதால் இது இயலும். எண்ணெய் வழியே பிணைந்த பழைய வகைத் தானியங்கியில் அப்பிணைப்பு வழுவுகிறது; எஞ்சினின் தடை குறைகிறது. குறைந்த பாரம் முழுவதும் பிரேக்கின்மீது விழும். பழைய ஜீப்பின் பிரேக்கோ, துணைவிசை ஏதுமற்ற டிரம் வகை. நீண்ட இறக்கத்தில் அது உஷ்ணமேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். மாங்காய்ப் பாரத்துடன் தோப்பிலிருந்து இறங்கும் வண்டியில் இது உயிர் சம்பந்தப்பட்ட செய்தியாகும்.

வேறு சில இடர்களும் உண்டு. தானியங்கிப் பெட்டியின் எண்ணெய்ப் பம்பை இயக்குவது எஞ்சினே. ஆகையால் பாட்டரி இறங்கிவிட்டால் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது. நான்கு சக்கர விசைக்குரிய துணைப்பெட்டியை நடுநிலையில் வைக்காமல் பழுதுற்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால், எண்ணெய் ஓட்டமின்றிப் பெட்டியின் உட்பாகங்கள் தேயும். வில்லிஸ் ஜீப்பின் முன், பின் அச்சுகளுக்கிடையே உள்ள தூரம் 80 அங்குலமே. நீளம் மிகுந்த புதிய பெட்டியைப் பொருத்தினால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டு குறுகி, அதன் சாய்வு கூடி, இணைப்புகள் விரைவில் கெடும். எண்ணெயைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு வேண்டும். சில பெட்டிகள், கியர் மாறும் தருணத்தை எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உண்டாகும் வெற்றிடத்தால் அறிகின்றன. டீசல் எஞ்சினில் அத்தகைய வெற்றிடம் உண்டாவதில்லை. இவற்றையெல்லாம் கணக்கிடாத பட்டறை, வண்டியைப் புதுப்பிப்பதில்லை. புதிய நோய்களைப் புகுத்துகிறது.

சட்டமும் இதில் ஒரு கருத்தைக் கொண்டுள்ளது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரண்படும்படி வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம், உடற்குறை உடையவரின் பயனுக்கென மாற்றியமைக்கப்படும் வாகனத்தைத் தனியே வரையறுத்து அங்கீகரித்தது. எது தகும், எது தகாது என்பதற்குரிய அளவுகோல் இவ்விடத்தில் கிட்டுகிறது.

இடது கால் இழந்தவருக்கு, அல்லது முழங்கால் நோயால் கிளட்சை மிதிக்க இயலாதவருக்கு, தானியங்கிப் பெட்டி ஆடம்பரம் அன்று. தம் நிலத்துக்குத் தாமே சென்றுவரும் உரிமையை அது மீட்டுத் தருகிறது. அத்தகையவர் பதிவு அதிகாரியின் இசைவை முன்னதாகப் பெற்று, பிரேக்கை முதலில் வலுப்படுத்தி, பிறகே கியர் பெட்டியில் கை வைப்பது முறை. தொழிற்சாலையிலேயே தானியங்கிப் பெட்டி பொருத்தப்பெற்ற வண்டி அவருக்குக் கிட்டுமாயின் அது இன்னும் நன்று. கால் நலமுள்ள ஏனையோர், நாகரிகம் கருதிச் செலவிடவிருக்கும் தொகையைப் பிரேக்கு, ஸ்டீயரிங்கு, கிளட்சு ஆகியவற்றைச் செம்மைப்படுத்தப் பயன்படுத்துவார்களாக.

கிராம மக்கள் இத்தகைய விஷயங்களில் யோசனை கேட்பது பெரும்பாலும் களப்பணியாளரையும் ஆசிரியரையுமே. அவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்றுண்டு: "பாரம் ஏற்றிய இந்த வண்டி, மிகச் செங்குத்தான இறக்கத்தில் உங்கள் கட்டுக்குள் நிற்குமா?" இதற்குத் திருப்தியான விடை கிடைக்கும் வரை, பழைய கியர் பெட்டி தன் இடத்திலேயே இருப்பது நலம்.