தூங்குகிறவரை எழுப்புவது

போன சனிக்கிழமை காலை, அடி அண்ணாமலையில் ஒரு விடுதியின் மொட்டை மாடியில், அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரைத் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். நாலு நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

வேலை அழுத்தம், மனச்சோர்வு, 'பர்ன்அவுட்' எல்லாவற்றுக்கும் ஏழு நாள் குழு யோக சிகிச்சை என்று கிரிவலப் பாதையில் தட்டி கட்டியிருந்தார்கள். "போயிட்டு வாங்களேன், வீடாவது ஒரு மணி நேரம் அமைதியா இருக்கும்" என்று அனுப்பிவைத்தவள் என் மனைவி. பதினாலு பாய், பதினாலு பேர். ஆளாளுக்குப் பெயரும் குறையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒரு வங்கி ஊழியர், இரண்டு டீச்சர்கள், பெங்களூரிலிருந்து வந்த மென்பொருள்காரர் ஒருவர். அவர் சொன்னது ஒரே வரி: மூன்று மாதமாகச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கியதில்லை.

கையைத் தூக்கினோம், காலை மடக்கினோம். கடைசியில் சவாசனம். 'ரிலாக்ஸ்... ரிலாக்ஸ்...' என்று காலர் மைக்கில் யோகா டீச்சரம்மா அதட்டிக்கொண்டிருந்தபோதே பெங்களூர்க்காரரிடமிருந்து குறட்டை கிளம்பியது. நல்ல, நிறைவான, கல்யாணச் சாப்பாட்டுக் குறட்டை. எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது. டீச்சரம்மா நேரே அவரிடம் போய், "சார், தூங்கக் கூடாது. அவேர்னஸ் முக்கியம்" என்றார். அவர் பதறி எழுந்து 'சாரி' கேட்டார். மூன்று மாதம் தூங்காதவர், தூங்கியதற்கு மன்னிப்புக் கேட்கிறார்!

விழிப்போடு கிடப்பதும் ஒரு பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹடயோக பிரதீபிகை சவாசனத்துக்கு ஒரே ஒரு சுலோகம்தான் ஒதுக்குகிறது. களைப்பு போகும், மனசுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதோடு முடித்துக்கொள்கிறது. குறட்டையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இந்த 'பர்ன்அவுட்' 1974-இல் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் உழைத்து உழைத்துக் கருகிப்போனவர்களைப் பார்த்து ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதியதிலிருந்து பரவிய சொல். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் இதற்கு விளக்கம் எழுதியபோதுகூட நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தின் தீராத அழுத்தத்தால் வருகிற நிலை என்றது. கோளாறு ஆபீஸில். பாய் விரித்துப் படுப்பது மட்டும் நாம்.

இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வருவது யோக ஆசிரியர் தேசிகாச்சாரின் 'தி ஹார்ட் ஆஃப் யோகா'. மனிதனுக்குத் தக்கபடி யோகம் மாற வேண்டும், யோகத்துக்குத் தக்கபடி மனிதனை முறுக்கக் கூடாது என்பது அந்தப் புத்தகத்தின் சாரம். அவருடைய அப்பா கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் மைசூர் அரண்மனையில் பையன்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தவர். சென்னைக்கு வந்த பிறகு, உடம்பு சரியில்லை என்று வந்தவர்களை ஒவ்வொருவராகத்தான் பார்த்தார். தேசிகாச்சாருக்கு ஆரம்பத்தில் இதில் ஈடுபாடே கிடையாது, பொறியியல் படித்தவர். 1960-களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டு முன்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பெரிய கார் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்த வெள்ளைக்காரப் பெண்மணி, நாமம் தரித்த கிருஷ்ணமாச்சாரியாரை நட்ட நடுவாசலில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். மகன் வெலவெலத்துப்போகிறார். விசாரித்தால், பல வருஷங்களுக்குப் பிறகு முந்தின இரவுதான் அந்த நியூசிலாந்துக்கார அம்மாள் மாத்திரை இல்லாமல் தூங்கினாராம். மகன் அப்பாவிடம் பாடம் கேட்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஒருத்தர் தூங்கியதில் பிறந்த பரம்பரை அது.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தை வராந்தா என்று எழுதியிருக்கிறார்கள். நான் திண்ணை என்றே வாசிப்பேன்.

அடி அண்ணாமலையில் நான் பார்க்கத் திண்ணை இல்லாத வீடு அபூர்வம். பதினாலு கிலோமீட்டர் மலை சுற்றுகிறவன் எங்கே வேண்டுமானாலும் கட்டையைச் சாய்க்கலாம். பாதை நெடுக மண்டபங்கள் வேறு, படுப்பதற்கென்றே கட்டினவை. ரமணர் அன்பர்களோடு மலை சுற்றிய காலத்தில் வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, எத்தனை அடி நடந்தோம் என்று போனைப் பார்க்கிறோம். மண்டபத்துக்குக் கம்பிக் கதவு, விடுதிக்குச் சுற்றுச்சுவர். படுக்க வேண்டுமானால் பாயோடு சேர்த்துக் கட்டணம்.

டீச்சரம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை, ஊர் ராசி அப்படி. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பார்கள், கோயிலும் கட்டிவைத்திருக்கிறார்கள். இருபது பாட்டு. ஆரம்பப் பாட்டெல்லாம் வீடு வீடாகப் போய், தூங்குகிற தோழிகளை எழுப்புகிறவை. இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த அந்தப் பெண்ணின் பக்கத்து நியாயத்தைப் பாட இன்னொருவர் வரவில்லை. அவளுக்கும் பகலெல்லாம் வேலை இருந்திருக்கும். மார்கழியில் விடிகாலை நாலரைக்கு ஒலிபெருக்கி அலறும்போதெல்லாம் நான் அவள் கட்சி.

இவ்வளவையும் எழுதி மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நம்ம வீட்டுத் திண்ணைய இடிச்சது யாரு?"

நான்தான். ஸ்கூட்டி மழையில் நனைகிறதென்று இடித்துவிட்டு, கிரில் கேட் போட்டுப் பூட்டும் மாட்டினேன். பௌர்ணமிதோறும் அந்த கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாகத் துண்டை விரித்து நாலைந்து பேர் படுத்திருப்பார்கள். காலையில் பால் வாங்க வண்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அவர்களை எழுப்பியாக வேண்டும். ஹாரன் அடிப்பதில்லை. குனிந்து, தோளைத் தட்டித்தான்.